அவள் சொல்ல வைத்திருந்த நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டபோது, நோயைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மரத்துப்போன தேமலை எப்படிக் கண்டுபிடிப்பது, முழங்கை நரம்பை எப்படித் தொட்டுப் பார்ப்பது, எந்த மாத்திரை அட்டை யாருக்கு என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் பேச நினைத்தது ஒரு பெண் விஷயத்தில் நான் செய்த தவறைப் பற்றி. இரண்டு தவறுகள் என்றும் சொல்லலாம். முதலாவது தவறுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது தவறுதானா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். ஜமீலா என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கு மேற்கே, ஆற்றங்கரையில், வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றும் ஊர். அப்படிப்பட்ட ஊர்கள் பல இருப்பதால் இது காட்டிக்கொடுத்ததாகாது.

அப்போது நான் தொழுநோய் மேற்பார்வையாளர். ஒரு காலத்தில் எங்களில் பலர் இருந்தோம். ஓய்வுபெற்றுப் போனவர்கள் இடத்தில் ஆள் போடாததால் என் வேலையின் கடைசி வருஷங்களில் நான் ஒருவன்தான். நாலு ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள். ஒன்றிலும் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க இடம் தேடி, கட்டடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்ட நாட்கள் நிறைய. யாரும் என்னை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. நான் வரும் நாள் தவிர மற்ற நாட்களில் அப்படி ஒருவன் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்.

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் ஓசூரில். சாயங்காலம் பாளையங்கோட்டை வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டால், காலையில் வைத்துவிட்டுப் போன தம்ளர் அதே இடத்தில் இருக்கும். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பேச ஆளில்லாத மனிதனை ஒரு நோயாளி நம்பினால், அந்த நம்பிக்கை அவனுக்கு அளவுக்கு மீறி இனிக்கும். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் சொல்கிறேன்.

ஜமீலாவைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அந்த நிலையத்தின் நர்ஸம்மா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், யாருக்கும் பயப்படாதவர். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த பெண்ணின் சட்டைக் கை மேலே ஏறியபோது, வெளுத்த தேமல் ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பஞ்சால் தொட்டுப் பார்த்தார். தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அன்று வியாழக்கிழமை, என் முறை. கையோடு என்னிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அவளை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். உட்கார இடமில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் தடுப்பூசிக் குளிர்பெட்டி அறைக்கும் நடுவில் இருந்த நடையில் நின்றுகொண்டே சொன்னேன். இரண்டடி தள்ளி பிரஷர் மாத்திரைக்கு வரிசை. நர்ஸம்மா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரை மாதிரி நின்றுகொண்டார். நோயின் பெயரைச் சத்தமில்லாமல் உதட்டசைவில் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அழவில்லை.

“வீட்டுக்குத் தெரியணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“கட்டாயமில்லம்மா. மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டாப் போதும்.”

“வீட்டுக்கு வந்துர மாட்டியல்லா?”

“வரமாட்டேன்.”

“போனு? போனு மாமி கையிலதான் இருக்கும். எங்க வீட்டுக்காரவுக துபாய்லருந்து அதுலதான் கூப்பிடுவாக.”

“போனும் பண்ண மாட்டேன்.”

“சத்தியமா?”

எங்கள் வீட்டில் சத்தியம் செய்யக் கூடாது என்று வளர்த்தார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் பேசக் கூடாது. அன்று, “சத்தியமா” என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிறைவு.

என் முதல் தவறு அதுதான். ரகசியம் காப்பது தவறில்லை, அது நம் கடமை. ஆனால் வரமாட்டேன், கூப்பிட மாட்டேன் என்று இரண்டு கதவையும் சாத்தியவன், நீ வராமல் போனால் நான் உன்னை எப்படித் தேடுவது என்று கேட்கவேயில்லை. சிநேகிதி ஒருத்தியின் பெயரைக் கேட்டிருக்கலாம். பக்கத்து அங்கன்வாடியில் சொல்லி வைத்திருக்கலாம். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்ற விதியையும் சத்தியத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அந்த நடையில் விழுங்கிவிட்டேன். மருந்து சாப்பிடும் காலத்தில் சிலருக்குத் திடீரென்று முழங்கை எரியும், விரல் வலுவிழக்கும். அது மாத்திரை செய்த கெடுதல் இல்லை. மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே ஓடி வர வேண்டும். இதை நிதானமாக, அவள் கையைப் பிடித்துக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் நின்ற ஒருவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கை வலிச்சா வாம்மா” என்று முடித்துக்கொண்டேன். கை வலிக்காத பீடிக்காரி எந்த ஊரில் இருக்கிறாள்?

நாலு மாதம் தவறாமல் வந்தாள். இரும்புச்சத்து மாத்திரை போடும் காகித உறைக்குள் அட்டையை வைத்துக் கொடுப்பேன். ரத்தம் குறைவு என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் ஒரு நிமிஷ வேலை. “எப்படிம்மா இருக்க?” “நல்லாருக்கேன்.” அந்த மருந்தால் தோல் கொஞ்சம் கறுக்கும். “வீடியோவுல பாத்துட்டு, ஏன் கறுத்துட்டன்னு கேக்காக” என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். என் மகளைவிடச் சின்னவள். உலகத்தில் அவளுடைய இந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் நானும் நர்ஸம்மாவும் மட்டும்தான். அப்படி ஒருத்திக்கு நான் வேண்டியவனாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதம் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இரண்டாவது வாரமும் வரவில்லை. மூன்றாவது வியாழன் நர்ஸம்மா கேட்டார்: “அந்தப் புள்ள வரலையே அண்ணாச்சி, போய்ப் பாத்தீயளா?”

“வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன் சிஸ்டர்.”

“அது சரி. அந்தச் சத்தியம் யாருக்கு உபயோகமா இருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?”

எனக்குக் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்தக் கோபத்திலேயே இன்னும் இரண்டு வாரம் போயிற்று. ஆக மொத்தம் ஐந்து வாரம். நரம்பு வீங்கிக் கிடக்கும் ஒரு கைக்கு ஐந்து வாரம் என்றால் என்ன என்பது மற்ற எவரையும்விட எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நல்லவனாக இருப்பதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. மழைக்காலம். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்த்துக் கொசுப்புழு தேடும் டெங்குப் பணிப் பெண்கள் இருவர் அந்தப் பகுதிக்குப் போகும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். எதற்கு என்று அவர்களிடமும் சொல்லவில்லை. ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தெரு முழுக்க நின்றேன். ஐம்பது வீடாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் தொட்டி, குடம், குளிர்பெட்டிக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த வாளி. நான் வாசலிலேயே நின்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

முன்னறையில் ஜமீலாவின் மாமியார் இலையும் தூளும் போட்ட சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, கூர்மையான கண். பணிப்பெண் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே குரல் கொடுத்தார். ஜமீலா வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு முற்றத்துத் தொட்டியின் தகர மூடியை இடது கையால் தூக்கப் பார்த்தாள். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. ஒரு கைக்கு மூடி கனம். சரிந்தது. தன்னையறியாமல் வலது கையை நீட்டிப் பிடிக்கப் போனாள். மூடி தரையில் விழுந்து உருண்டது.

நான் பார்த்துவிட்டேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளுக்கு மடங்கியிருந்தன.

என்ன சொல்வது? அவள் மாமியார் அங்கேயே இருக்கிறார். பணிப்பெண்கள் இருவரும் நிற்கிறார்கள். வீட்டுக்குப் பொதுவாகச் சொல்வது போல உரக்கச் சொன்னேன்: “இங்க யாருக்காவது கை கால் எரிச்சல், காய்ச்சல் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாங்க. தள்ளிப்போடாதீங்க. நாளைக்கே வாங்க. நான் இருப்பேன்.”

“எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றாள் ஜமீலா.

பீடி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

மறுநாள் என் முறை வேறு ஊரில். அங்கே போகாமல் இங்கே வந்து காத்திருந்தேன். ஜமீலா வரவில்லை. பதினொரு மணி வாக்கில் அவள் மாமியார் தனியாக வந்தார். வரிசையில் நிற்காமல் நேராக என்னிடம் வந்து, காகித உறை ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

“இது என்ன மாத்திரை தம்பி?”

நான் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்: “ரத்தத்துக்குன்னு சொன்னா. ரெண்டு மாசமா முழங்கை எரியுதுன்னு ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கா. இந்த மாத்திரைதான் ஒத்துக்கலன்னு நிறுத்திட்டா. பீடித் தலைய மடக்க முடியல, பீடிக் கடையில அவ சுத்துன கட்டத்தான் கழிச்சுப் போடுதான். நேத்து நீங்க வந்து நின்னிய. கொசு பாக்க வந்தவரு தொட்டியப் பாக்கணும். நீங்க அவ கையப் பாத்திய.”

நடையில் ஆட்கள். நர்ஸம்மா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, தான் உடை மாற்றும் சின்ன அறையைத் திறந்துவிட்டார். எங்களை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இந்த நோயைப் பற்றி அந்தக் கட்டடத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அன்றுதான் முதல் தடவை. அதுவும் நோயாளியிடம் இல்லை, நோயாளிக்குத் தெரியாமல் வந்தவரிடம்.

இரும்புச்சத்து மாத்திரைதான் என்று ஒரு பொய் சொன்னால் சத்தியம் பிழைத்துவிடும். கை போய்விடும். உண்மையைச் சொன்னால் கை பிழைக்கலாம். அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாகும் என்று எனக்குத் தெரியாது. இப்படி விஷயம் வெளியே தெரிந்து, தாய்வீட்டோடு நின்றுவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பப் போய் ஜமீலாவைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றால், அவள்தான் நேற்றே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளே.

“அம்மா, என்ன மாத்திரைன்னு உங்க மருமகதான் உங்ககிட்ட சொல்லணும். நான் சொல்லக் கூடாது. ஆனா அந்தக் கைய இன்னும் நாள் கடத்தினா திரும்பாது. இன்னைக்கே கூட்டிட்டு வந்தா திரும்பலாம்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தச் சீக்கா?” என்றார் பைய.

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தாலே நாம் சொல்லாதவர்கள் ஆகிவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அந்த அறையில் என் மௌனத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

அடுத்து அவர் கேட்டது: “பேரனுக்கு வருமா?”

இதற்குப் பதில் சொன்னால் எல்லாம் சொன்னதாகும். சொல்லாவிட்டால், அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிவிடுவார். இரண்டையும் எடைபோட எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு விடும் நேரம்.

“மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா மத்தவங்களுக்குப் பரவாதும்மா. குழந்தையையும் வீட்டுல எல்லாரையும் நான் பாத்துச் சொல்லுதேன். குழந்தைய அவகிட்டருந்து பிரிக்க வேண்டாம். அவ தட்டு, தம்ளரைத் தனியா வைக்க வேண்டாம்.”

சத்தியம் அங்கே முடிந்தது.

அவர் அட்டையை உறைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். “நான் அவள ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லயே. என்கிட்ட ஏன் மறைச்சா?” என்று கதவைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, ஜமீலாவை உள்ளே அனுப்பினார். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “சத்தியம் பண்ணியள்லா.” குரலில் கோபம்கூட இல்லை.

அன்றைய மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டரம்மா புதியவர். நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டும் என்றேன். “இந்த நோய்க்கு நான் இதுவரை கொடுத்ததில்ல சார், பெரியாஸ்பத்திரிக்கே எழுதிக் கொடுத்திரலாமே” என்றார். பயம் நியாயம்தான். ஆனால் வெறும் சீட்டோடு அனுப்பினால் ஜமீலா வீட்டோடு நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்த தோல் மருத்துவர் ஒருவரைப் போனில் பிடித்து, டாக்டரம்மா கையில் கொடுத்தேன். இருவரும் பேசினார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதினார். மறுநாள் நானே போய் அங்கே காத்திருந்தேன். மாமியாரும் மருமகளும் வந்தார்கள். நான் தூரத்தில் ஒரு தூணோரம் நின்று, அவர்கள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மோதிர விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை. சாப்பிடலாம், குழந்தைக்குச் சட்டை மாட்டலாம். பீடி சுற்ற முடியாது. மாமியார் தினமும் அவள் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி விரல்களை நீவிவிட்டார் என்று நர்ஸம்மா சொன்னார். வீட்டில் வேறு யாருக்கும் நோய் இல்லை. துபாயிலிருந்த கணவனுக்குத் தாயே விஷயத்தைச் சொன்னார். அவன் ஒரு மாதம் போனில் ஜமீலாவைக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டான். தாய்வீட்டுக்கு யாரும் அவளை அனுப்பவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அதனால் நான் செய்தது சரி என்று டாக்டரம்மா சொன்னார், நர்ஸம்மாவும் சொன்னார்.

இதற்குள் நர்ஸம்மா பழைய காகிதங்கள் குவிந்துகிடந்த அறையைக் காலி செய்ய வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள், வெளியே எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. ஜன்னலோரத்தில் நின்று கொடுத்ததெல்லாம் இனி அங்கே உட்கார்ந்துதான். ஒவ்வொரு மாதமும் கையைத் தொட்டுப் பார்த்து, விரலை விரித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் அட்டை. நீங்கள் எங்கே போனாலும் முதலில் இப்படி ஓர் அறைக்குச் சண்டை போடுங்கள். மருந்து எங்கும் வந்துவிடும். உட்கார்ந்து பேச இடம் தானாக வராது.

அந்த அறை தயாரான முதல் வியாழக்கிழமை ஜமீலா வந்தாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“மீதி மாத்திரைய வேற ஆஸ்பத்திரில வாங்கிக்கிடுதேன். எழுதிக் கொடுங்க.”

“ஏம்மா? இங்க ஏதும் குறையா?”

“குறை ஒண்ணுமில்ல.” தன் கையைப் பார்த்தபடி சொன்னாள்: “மாமி நல்லவுகதான் சார். அது எனக்கும் தெரியும். நானே சொல்லிருப்பேன். அவுக லீவுல வந்ததும், மாமியையும் அவுகளையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லணும்னு வச்சிருந்தேன். என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு தெனமும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிடுவேன். அதுக்குன்னு ஒரு நாள வச்சிருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள், பரவாயில்லை சார், என்று சொல்ல வேண்டி வரும். அந்தச் சிரமத்தையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது. மாற்றல் சீட்டை எழுதினேன். புதிய இடத்தில் யாரைக் கேட்க வேண்டும், கை எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். சீட்டை இடது கையால் வாங்கிக்கொண்டு போனாள்.

அதே சூழ்நிலை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாமியாரிடம் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு வராமல் இருக்க முதல் நாளே வழி செய்திருப்பேன். ஒரு கையைக் காப்பாற்ற ஒருத்தியின் நாளை எடுத்துக்கொண்டேன். அந்த நாள் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் அவகாசம் இருந்தது. ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஓய்வுபெற்றபின் ஒரு விஷயம் புரிந்தது. மற்றத் துறைக்காரர்களைக் கடைத்தெருவில் பழைய ஆட்கள் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். வாத்தியார்களுக்கு வணக்கம் சொல்வார்கள். நம்மைத் தெரிந்தவர்கள் நம்மைத் தெரியாதவர்கள் போலத்தான் போவார்கள். கூட இருப்பவர், இவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? நாமும் முந்திக்கொண்டு சிரிக்கக் கூடாது. இதற்கு நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். நான் இன்னும் முழுதாகப் பழகவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சேரன்மாதேவியில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். சற்றுத் தள்ளி ஜமீலா. பக்கத்தில் அவள் கணவனாகத்தான் இருக்க வேண்டும், பெட்டியும் பையுமாக. பள்ளிக்கூடம் போகும் வயதில் பையன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் வழக்கப்படி திரும்பி, ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. பையனின் மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தாள்.

“சேரன்மாதேவி பஸ்ஸு இங்கனதான் நிக்குமா?” என்றாள், முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல. அவள் அந்த வழியில் எத்தனையோ தடவை போய்வந்தவள்.

“இங்கனதான்மா. இப்ப வந்துரும்.”

“சரி” என்றாள். இன்னும் ஒரு நொடி நின்றாள். பிறகு கணவன் இருந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் போக வேண்டியதும் அதே பஸ்தான். அது கிளம்பி வளைவில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.